விக்கிப்பீடியா பஞ்சாயத்து: போய் வந்தவன் எழுதும் மதிப்புரை

ஓட்டல், செல்போன், கூரியர், பல் டாக்டர் என்று எல்லாவற்றுக்கும் நட்சத்திரம் போடுகிறோம். விக்கிப்பீடியாவில் இரண்டு பேர் முட்டிக்கொண்டால் தீர்த்துவைக்க ஒரு பெரிய ஏற்பாடே இருக்கிறது, அதற்கு யாரும் மதிப்புரை எழுதி நான் பார்த்ததில்லை. பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது, எங்கள் ஊர் ஏரியை வெட்டியது சோழரா பாண்டியரா என்று முகம் தெரியாத ஒருவரோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மல்லுக்கட்டும் வரை.

அதற்கு அப்புறம் மூன்று வருடமாக ஆங்கில விக்கிப்பீடியாவின் தகராறுப் பக்கங்களை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு சீரியல் பார்ப்பதுபோல் படித்துவருகிறேன். சில சண்டைகளில் மூன்றாவது ஆளாகப் போய் உட்கார்ந்தும் இருக்கிறேன். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். மதிப்பெண்ணை இப்போதே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை இழுக்க எனக்கே பொறுமை இல்லை: இந்த ஏற்பாடு படிப்படியாக மேலே போவது, அதில் கீழ்ப்படிகளுக்கு 5க்கு நாலரை, நடுப்படிகளுக்கு மூன்று, உச்சிக்கு இரண்டு. கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். நேரம் மட்டும் போகும்.

முதலில் ஏரி. ஆங்கில விக்கிப்பீடியாவில் எங்கள் ஊருக்கு மூன்று பத்தியில் ஒரு கட்டுரை உண்டு. அதில் ஊர் ஏரி சோழர் காலத்தில் வெட்டப்பட்டது என்று ஒரு வரி சேர்த்தேன். சாயங்காலம் பார்த்தால் 'சோழர்' போய் 'பாண்டியர்' வந்திருக்கிறது. திருத்தினேன். பத்து நிமிடத்தில் மறுபடி பாண்டியர். நானும் விடவில்லை, அவரும் விடவில்லை. யார் எப்போது என்ன மாற்றினார் என்று காட்டும் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்தால் என் பெயர், அவர் பெயர், என் பெயர், அவர் பெயர் என்று ஆடுபுலி ஆட்டம்போல் வரிசையாக நிற்கிறது. மூன்றாவது முறை மீளமைத்துவிட்டு, அதாவது பழையபடி ஆக்கிவிட்டு, அடுத்த ரவுண்டுக்குக் காத்திருந்தபோது, மற்றவர்கள் எனக்குச் செய்தி எழுதும் என் பேச்சுப் பக்கத்தில் ஒரு எச்சரிக்கை வந்து விழுந்தது. கையை விரித்துக் காட்டும் சிவப்புப் படம், கீழே ஒரு பத்தி. ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று தடவைக்கு மேல் மற்றவர் செய்ததை மீளமைத்தால் கணக்கு முடக்கப்படலாம், போய்ப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று. எனக்கு ரத்தம் கொதித்தது. நான் சொல்வது உண்மை, எச்சரிக்கையும் எனக்கா?

நிதானமாக யோசித்தால் தப்பு என் பேரில்தான். அந்த விதியில் 'நான் சொல்வது சரி' என்பதற்குச் சலுகையே கிடையாது. அப்பட்டமான விஷமத்தை நீக்குவது, உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய ஆதாரமில்லாத அவதூறை எடுப்பது மாதிரி சில விலக்குகள் உண்டு, அவ்வளவுதான். சோழ பாசம் அந்தப் பட்டியலில் இல்லை. முழு வரியை மாற்றினாலும் ஒரு சொல்லை மாற்றினாலும் ஒரு கணக்கு, வேறு வேறு வரிகளாக இருந்தாலும் கணக்கு. இன்னொன்று, மூன்று தடவை என்பது ரேஷன் கடையில் கார்டுக்கு இத்தனை கிலோ என்பதுபோல நமக்கு உரிய பங்கு என்று நினைத்துவிடக் கூடாது. தினமும் எண்ணி மூன்று மீளமைத்துவிட்டுத் தூங்கப் போகிறவரையும் தொகுப்புப் போர் (மாற்றி மாற்றித் திருத்தும் சண்டை) நடத்துகிறார் என்று முடக்குவார்கள், விதியிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. 2004இல் வந்த விதி. இந்த மொத்த ஏற்பாட்டிலும் மிக உருப்படியான பொருள் எது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன். யார் சரி என்று பார்க்காமல் கையைப் பிடிப்பதால்தான் வேலை செய்கிறது. ஊர்ச் சண்டையில் முதலில் இருவரையும் விலக்கிவிட்டு அப்புறம்தானே என்ன ஏது என்று கேட்பார்கள்.

சரி, பேசு என்றார்கள், பேசினோம். ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் ஒரு பேச்சுப் பக்கம் இருப்பது வாசிப்பவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. படிகளில் முதல் படி அதுதான், மிக மலிவானதும் அதுதான். அங்கே நான் என் தாத்தா சொன்னதை எழுதினேன். அவர், கோயில் வாசலில் வைத்திருக்கும் பலகையில் பாண்டியர் என்று இருக்கிறது என்றார். அந்தப் பலகை எனக்கும் தெரியும், ஊர்க்காரர் ஒருவர் தன் பையன் கல்யாணத்தின்போது செய்துவைத்த உபயம் அது. இரண்டு நாள் இப்படியே ஓடியது. அவர் என் தாத்தாவைப் பற்றி மரியாதையாகவே பேசினார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும், நான் பலகையைப் பற்றி அவ்வளவு மரியாதையாகப் பேசவில்லை.

அடுத்த படி 'மூன்றாவது கருத்து'. எனக்கு மிகவும் பிடித்த கவுண்டர் இது. இரண்டே பேர் மோதிக்கொண்டு, பேச்சுப் பக்கத்தில் பேசியும் நகராமல் நின்றால், ஒரு பொதுப் பட்டியலில் போய் ஒரு வரி எழுதிவைக்கலாம். இன்ன கட்டுரை, இன்ன கேள்வி, அவ்வளவுதான். அதில் ஒரு நுணுக்கம் உண்டு. விக்கியில் வழக்கமாக எழுதியதன் கீழ் நான்கு அலைக்குறி (~) போட்டால் பெயரும் நேரமும் தானாக விழும். இந்தப் பட்டியலில் மட்டும் ஐந்து அலைக்குறி போடச் சொல்கிறார்கள். ஐந்து போட்டால் நேரம் மட்டும் விழும், பெயர் விழாது. கேட்டவர் யார் என்று பட்டியலைப் பார்ப்பவருக்குத் தெரியக் கூடாது, கேள்வியை மட்டும் பார்த்து வரட்டும் என்பதற்காக. யாரோ ஒருவர் உட்கார்ந்து இதை யோசித்திருக்கிறார் பாருங்கள். நான் வேலை பார்க்கும் துறையில் புகார்ப் பெட்டிக்கு இந்த மாதிரி ஒன்று வைத்திருந்தால் பாதிப் பிரச்சினை குறைந்திருக்கும்.

வந்தவருக்குத் தமிழ் தெரியாது, எங்கள் ஊர் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதையே கட்டுரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டிருப்பார். அவருடைய பயனர் பக்கத்தில் ஒரு பூனைப் படத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. வந்தவர் கேட்டது ஒரே கேள்வி: உங்கள் இருவரில் யாரிடமாவது இதைப் பற்றி அச்சில் வந்த ஏதாவது இருக்கிறதா? என்னிடம் தாத்தா, அவரிடம் பலகை. 'அப்படியானால் இரண்டையும் எடுத்துவிடலாம், கிடைக்கும்போது சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இரண்டு பூனைகளுக்கு அப்பம் பங்கு வைத்த குரங்குக் கதை தெரியும்தானே, இந்தக் குரங்கு ஒரு விள்ளல்கூடத் தின்னவில்லை, அப்பம் வாங்கிய ரசீது எங்கே என்று கேட்டுவிட்டு அப்பத்தை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டது.

இவர் சொன்னதற்குக் கட்டுப்பட வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. தீர்ப்பு என்றே அதைச் சொல்ல முடியாது. இருந்தும் பெரும்பாலும் எடுபடுகிறது, என் அனுபவத்திலும் சரி, நான் மூன்றாவது ஆளாகப் போன இடங்களிலும் சரி. சண்டை போடுகிற இருவருக்குமே உள்ளுக்குள் களைப்பு வந்திருக்கும், கௌரவம் குறையாமல் இறங்கிவர ஒரு சாக்கு வேண்டும், மூன்றாவது ஆள் அந்தச் சாக்கு.

இங்கேதான் புதிதாக வருகிறவர்கள் ஏமாறும் இடமும் இருக்கிறது. இந்த ஏற்பாட்டில் எந்தப் படியிலும் எது உண்மை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நம்பத் தகுந்த நூலோ இதழோ என்ன சொல்லியிருக்கிறது, இரண்டு தரப்பும் சொல்லியிருந்தால் எதற்கு எவ்வளவு இடம் கொடுப்பது, இவ்வளவுதான் கேள்வி. தோசை கட்டுரையைப் பாருங்கள். தோசை பிறந்தது உடுப்பியிலா தமிழ்நாட்டிலா என்று இரண்டு மாநிலத்து ஆட்களும் மாற்றி மாற்றிக் கை வைக்கும் இடம் அது. உணவு வரலாற்றாசிரியர் கே. டி. அச்சயா சங்க இலக்கியத்தை வைத்து அது பழந்தமிழகத்தில் கி.பி. முதல் நூற்றாண்டு வாக்கிலேயே இருந்தது என்கிறார், வரலாற்றாசிரியர் பி. தங்கப்பன் நாயர் உடுப்பி என்கிறார். கட்டுரை என்ன செய்கிறது? இவர் இப்படிச் சொல்கிறார், அவர் அப்படிச் சொல்கிறார் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துவிடுகிறது. வாசித்தால் இரண்டு தரப்புக்கும் வயிறு எரியும். பஞ்சாயத்து ஒழுங்காக நடந்திருக்கிறது என்பதற்கு இந்த வயிற்றெரிச்சலைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது ஆளும் கைகூடவில்லை என்றால் தகராறு தீர்க்கும் அறிவிப்புப் பலகை என்று ஒன்று, 2011இல் தொடங்கியது. ஒரு தன்னார்வலர் நடுவில் உட்கார்ந்து சுற்றுச் சுற்றாகக் கேள்வி கேட்பார். ஆளைப் பற்றிப் பேசாதே, கட்டுரையைப் பற்றிப் பேசு என்பதுதான் அங்கே முதல் கட்டளை. பேச்சுப் பக்கத்தில் ஏற்கெனவே ஓரளவு பேசியிருக்காவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், புகார் கொடுப்பவர்தான் மற்ற எல்லோருக்கும் தகவல் சொல்ல வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எதிராளி வர மாட்டேன் என்றால் அதோடு சரி, யாரையும் இழுத்துவர முடியாது. யார் வர மறுப்பார்? கட்டுரையின் இப்போதைய நிலை யாருக்குச் சாதகமாக இருக்கிறதோ அவர்தான். நிலத்தில் உட்கார்ந்திருக்கிறவன் எதற்குப் பஞ்சாயத்துக்கு வரப்போகிறான்? அதனால்தான் நடுப்படிக்கு மூன்றுக்கு மேல் போட மனம் வரவில்லை. முன்பு முறையான சமரசக் குழு என்று தனியாக ஒன்று இருந்தது, கேட்பாரற்றுப் போய் 2018இல் கலைத்துவிட்டார்கள்.

அதே நடுப்படியில் 'கருத்துக் கோரல்'. பேச்சுப் பக்கத்தில் ஒரு வார்ப்புரு (ஆயத்தமாக இருக்கும் அச்சு) போட்டுச் சுருக்கமாக, யார் பக்கமும் சாயாமல் கேள்வியை எழுதவேண்டும். அது பல பட்டியல்களில் ஏறி, சம்பந்தமே இல்லாத ஆட்களை அழைத்துவரும். வழக்கமாக 30 நாள் ஓடும், அப்புறம் ஒரு தானியங்கி நிரல் வந்து அந்த வார்ப்புருவைக் கழற்றிவிட்டுப் போகும். கலந்துகொள்ளாத ஒருவர் கடைசியில் எல்லாவற்றையும் படித்து இணக்கம் எந்தப் பக்கம் என்று எழுதி முடித்துவைப்பார். தலையை எண்ணுவதில்லை, வாதத்தின் எடையைப் பார்ப்பதாகச் சொல்கிறார்கள். பார்க்கத்தான் செய்கிறார்கள், ஆனால் 40 பேர் ஒரு பக்கம் 5 பேர் ஒரு பக்கம் என்றால் எடையும் கொஞ்சம் சாயத்தான் செய்யும், மனுஷ சுபாவம்.

யாரையும் பாதிக்காத விஷயத்துக்குத்தான் இந்தப் படி ஜே ஜே என்று கூட்டம் சேர்க்கும். தயிருக்கான 'யோகர்ட்' என்ற ஆங்கிலச் சொல்லை 'எச்' போட்டு எழுதுவதா 'எச்' இல்லாமல் எழுதுவதா என்று ஒரு சண்டை. 2003இல் கட்டுரைத் தலைப்பில் 'எச்' ஏறியது, 2011இல் இறங்கியது. நடுவில் எட்டு வருடம், எத்தனையோ முறை தலைப்பு மாற்றக் கோரிக்கை. ஒரு குடம் பாலைத் தோய்த்து, மோராக்கி, வெண்ணெய் எடுத்து, நெய் காய்ச்சி வைத்திருக்கலாம். இதைப் படித்துச் சிரிக்கிறோம், ஆனால் அதே எட்டு வருடத்தில் அங்கே தயிர் பற்றிய மற்ற விஷயங்களும் எழுதப்பட்டுக்கொண்டுதான் இருந்தன.

சில சண்டைகளில் சிரிக்க முடியாது. போலந்தில் இன்று கிடான்ஸ்க் என்று அழைக்கப்படும் துறைமுக நகரத்துக்கு ஜெர்மன் பெயர் டான்சிக். எந்தக் கட்டுரையில் எந்தப் பெயர் என்று வருடக்கணக்கில் ரகளை, ஏனென்றால் அந்தப் பெயருக்குப் பின்னால் இரண்டு நாடுகளின் ரத்தம் இருக்கிறது. 2005இல் வழக்கத்துக்கு மாறாக ஓட்டெடுப்பே வைத்தார்கள். 1308 முதல் 1945 வரையான காலத்தைப் பற்றிப் பேசும்போது டான்சிக், அதற்கு முன்னும் பின்னும் கிடான்ஸ்க் என்று முடிவானது. ஒரு நகரத்தின் பெயரை ஆண்டு வைத்து அறுத்துப் பங்கு போட்டிருக்கிறார்கள். கேட்க வினோதமாக இருக்கிறது, ஆனால் நமக்கு இது புரியாத விஷயமா? மதராஸ் மாகாணம் என்று 1930ஐப் பற்றி எழுதும்போதும் சென்னை மாநகராட்சி என்று இன்றைக்கு எழுதும்போதும் நாம் யோசிக்காமல் செய்வது அதைத்தான். உக்ரைன் தலைநகர் கீவின் ஆங்கில எழுத்துக்கூட்டை ரஷ்ய உச்சரிப்பிலிருந்து உக்ரைனிய உச்சரிப்புக்கு மாற்ற 2020 வரை ஆனது. கங்கைக் கட்டுரை இன்றும் 'கேன்ஜஸ்' என்ற தலைப்பில்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் பரவலாக வழங்கும் பெயரே தலைப்பு என்பது விதி, நம் ஊர்ப் பத்திரிகைகள் 'கங்கா' என்றுதானே எழுதுகின்றன என்று எத்தனையோ பேர் கேட்டுப் பார்த்தாயிற்று.

நம் எழுத்தையே தொடும் ஒரு முடிவு உண்டு, பலர் கவனித்திருக்க மாட்டார்கள். சென்னை பற்றிய ஆங்கிலக் கட்டுரையின் முதல் வரியில் தமிழ் எழுத்தில் 'சென்னை' என்று இருக்காது. யாழ்ப்பாணம் கட்டுரையில் தமிழும் இருக்கும் சிங்களமும் இருக்கும். ஏன்? இந்தியா தொடர்பான கட்டுரைகளின் முன்னுரையில் இந்திய மொழி எழுத்துகள் வேண்டாம் என்று 2012இல் கருத்துக் கோரல் நடத்தி முடிவெடுத்தார்கள். ஒருவர் தமிழ் போட்டால் அடுத்தவர் இந்தி போடுவார், இன்னொருவர் கன்னடம், அப்புறம் எந்த மொழி முதலில் என்ற சண்டை, போட்ட எழுத்தும் பல சமயம் பிழை, அதைச் சரிபார்க்க ஆளில்லை. பெங்களூர் மாதிரி ஊர்களுக்கு இது என்ன பாடு படுத்தியிருக்கும் என்று யோசித்தால் முடிவு புரிகிறது. அமைதி வந்தது, ஆனால் மொத்தப் பந்தியையும் எடுத்துவிட்டு வந்த அமைதி. எனக்கு இது இன்னும் உறுத்துகிறது, பிழையாக எழுதுகிறார்கள் என்றால் திருத்த வேண்டியதுதானே. ஆயினும் இலங்கைக் கட்டுரைகளில் விலக்கு இருக்கும்போது அங்கே வானம் இடிந்து விழவில்லை என்பதையும் பார்க்கிறேன்.

இலங்கை என்றதும் சொல்ல வேண்டிய ஒன்று. போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் ஆங்கில விக்கிப்பீடியாவில் தமிழ், சிங்களத் தொகுப்பாளர்களுக்கு இடையே நடந்த சண்டை சாதாரணமானது இல்லை. ஒரு பக்கம் 'பயங்கரவாதி' என்று எழுதினால் மறுபக்கம் 'போராளி' என்று மாற்றும், சாவு எண்ணிக்கை மணிக்கு ஒன்றாக மாறும். அதற்கு நடுவில் சிலர் சேர்ந்து இலங்கை நல்லிணக்கத்துக்கென்றே ஒரு விக்கித் திட்டம், அதாவது ஒரு தலைப்பில் சேர்ந்து வேலை செய்யும் குழு, தொடங்கினார்கள். அவர்கள் உட்கார்ந்து பேசிச் செய்த காரியம் ரொம்பச் சின்னது: எந்தச் செய்தித் தளத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரு பட்டியல். தரப்பு சார்ந்த தளங்களை ஒரேயடியாகத் தள்ளிவைக்காமல், அதை எடுத்தாண்டால் யார் சார்ந்த தளம் அது என்பதை வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்று வைத்தார்கள். அவர்கள் வெளியே ஒருவருக்கொருவர் முகம் பார்த்திருக்கவே மாட்டார்கள், உள்ளே 'இந்தத் தளம் சரி, அந்தத் தளம் பெயர் சொல்லி மட்டும்' என்று வரிசையாக ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த ஏற்பாட்டில் நான் படித்ததிலேயே மனத்தைத் தொட்ட பக்கங்கள் அவைதான், நடுவர் குழுவின் தீர்ப்புகள் எதுவும் அதற்குப் பக்கத்தில் வராது.

நடுவர் குழு: உச்சிப்படி. விக்கிப்பீடியாவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜிம்மி வேல்ஸ் 2003 முடிகிற சமயம் அமைத்தது, இப்போது 15 இடங்கள், வருடா வருடம் தேர்தல், இரண்டு வருடப் பதவி. வழக்கை எடுத்துக்கொள்ளச் சொல்லி மனுப் போடவே 500 சொல் வரம்பு. அப்புறம் சாட்சியம், பட்டறை, முன்மொழியும் தீர்ப்பு என்று தனித்தனிப் பக்கங்கள், மாதக்கணக்கில் ஓடும். இவ்வளவையும் கடந்து போனால் அவர்கள் கட்டுரையில் எது இருக்க வேண்டும் என்று சொல்ல மாட்டார்கள், யார் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதை மட்டும் பார்ப்பார்கள். தடை போடுவார்கள், சிலருக்கு ஒரு தலைப்பின் பக்கமே வரக்கூடாது என்று கட்டளை இடுவார்கள். 2009இல் சைன்டாலஜி என்ற மத அமைப்பு பற்றிய வழக்கில் அந்த அமைப்பின் கணினி முகவரிகளையே தொகுக்க விடாமல் தடுத்தார்கள், அது நல்ல வேலைதான். இஸ்ரேல்-பாலஸ்தீனம் தொடர்பான கட்டுரைகளில் கணக்கு தொடங்கி 30 நாளும் 500 தொகுப்பும் ஆகாமல் கை வைக்க முடியாது, அதுவும் இவர்கள் வழியாக வந்ததுதான். இந்தியா, பாகிஸ்தான் விவகாரங்களும் வெகுகாலமாகச் 'சர்ச்சைக்குரிய தலைப்பு' வரிசையில் இருப்பவை, அங்கே நிர்வாகிகளுக்குக் கூடுதல் அதிகாரம். ஆனால் சாதாரண ஆள் இந்தப் படிக்கு வந்தால் பக்கத்துக்குப் பக்கம் சுருக்கெழுத்து. யாராவது ஒரு வாக்கியத்தில் நாலு விதியின் சுருக்கப் பெயரைத் தூக்கிப் போட்டால், அந்த நாலு பக்கத்தையும் படித்து முடிக்கும்போது நமக்குச் சண்டை எதற்கு என்றே மறந்துவிடும். விதி தெரிந்தவன் கை ஓங்கும், விஷயம் தெரிந்தவன் வாய் பார்த்து நிற்பான். தாலுகா ஆபீசில் மனு எழுதிக் கொடுப்பவரைத் தேடுவதுபோல இங்கேயும் ஒருவர் இருந்தால் தேவலை என்று தோன்றும். இரண்டு நட்சத்திரம், அதில் ஒன்று சைன்டாலஜிக்காக.

பக்கத்தைப் பூட்டுவது பற்றிச் சொல்லாமல் விட்டேன். சண்டை முற்றினால் நிர்வாகி வந்து யாரும் தொகுக்க முடியாதபடி பூட்டிவிடுவார், அந்த நேரத்தில் எந்த வடிவம் இருக்கிறதோ அது நிற்கும். அது எப்போதுமே தவறான வடிவம்தான் என்று விக்கிக்காரர்களே ஒரு கேலிப் பக்கம் எழுதி வைத்திருக்கிறார்கள். நிர்வாகி வேண்டுமென்றே தவறான வடிவத்தைத் தேடிப் பிடித்துப் பூட்டுவதாக அதில் இருக்கும். படித்துவிட்டு ஐந்து நிமிடம் சிரித்தேன், என் ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது.

தமிழ் விக்கிப்பீடியாவுக்கு வருவோம். 2003இல் தொடங்கியது. அங்கே நடுவர் குழு இல்லை, மூன்றாவது கருத்துக்குத் தனிக் கவுண்டரும் கிடையாது. பேச்சுப் பக்கம் இருக்கிறது, அதற்கு மேல் ஆலமரத்தடி. பொது உரையாடல் பக்கத்துக்கு யார் வைத்த பெயரோ, இதைவிடப் பொருத்தமாக வைக்க முடியாது. தமிழில் நடந்த பெரிய சண்டைகளுக்குச் சோழரும் காரணமில்லை பாண்டியரும் காரணமில்லை, எழுத்துதான் காரணம். ஜ, ஷ, ஸ, ஹ எழுதலாமா கூடாதா? ஜனவரியா சனவரியா, ரஷ்யாவா உருசியாவா, இஸ்ரேலா இசுரேலா? அதோடு தமிழ்நாட்டுக்காரருக்குக் கணினி என்றால் இலங்கைக்காரருக்குக் கணனி, ஒருவருக்கு டொராண்டோ என்றால் மற்றவருக்கு ரொறன்ரோ. இரண்டு பேரும் சரி, இரண்டு பேர் காதுக்கும் மற்றவர் எழுதியது கொச்சையாகத் தெரியும். இதில் எந்தக் குழு தீர்ப்பு சொல்ல முடியும்?

தலைப்புகள் பல கிரந்தம் தவிர்த்த பக்கம் சாய்ந்தன. எனக்கு அதில் முழு உடன்பாடு கிடையாது, 'எசுப்பானியா' என்று என் பையன் தேர்வில் எழுதினால் வாத்தியார் வட்டம் போடுவார். ஆனால் வழிமாற்று என்ற சின்ன வசதி இருக்கிறதே, சண்டையில் பாதியை அதுதான் விழுங்கியது. ரஷ்யா என்று தேடினாலும் உருசியா பக்கத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும். பின்வாசல் வழியாக வந்தவனுக்கும் அதே பந்தியில் இலை போடுகிறார்கள். மேலும் ஆள் குறைவு என்பதால் நேற்று நம்மோடு எழுத்துக்காகச் சண்டை போட்டவரே இன்றைக்கு நம் கட்டுரையில் மேற்கோளைச் சரிசெய்து கொடுப்பார். பகையை ரொம்ப நாள் வைத்துக்கொள்ளக் கட்டுப்படியாகாது.

ஆள் குறைவு என்பதே ஆபத்தாகவும் ஆகலாம், அதையும் சொல்லிவிடுகிறேன். குரோவாசிய மொழி விக்கிப்பீடியாவில் ஒரு சார்புள்ள சிலர் நிர்வாகிகளாக அமர்ந்து, எதிர்த்தவர்களை முடக்கி, பத்து வருடத்துக்குப் பக்கமாக வரலாற்றையே வளைத்து எழுதிக்கொண்டிருந்தார்கள். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை 2021இல் அதைப் பற்றி ஒரு மதிப்பீட்டு அறிக்கையே வெளியிட வேண்டியிருந்தது. பஞ்சாயத்துத் தலைவரே ஒரு கட்சி என்றால் ஆலமரம் என்ன செய்யும்? அதே 2021இல் எல்லா மொழிக்கும் பொதுவான நடத்தை விதிகளை அறிவித்தார்கள், அதற்கென்று ஒரு குழுவும் இப்போது இருக்கிறது. நம் மொழிக்கு அங்கே போகும் தேவை வராமல் இருக்கட்டும்.

கைபேசியில் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. முன்பெல்லாம் பதிலை உள்ளே தள்ளிக் காட்ட முக்காற்புள்ளி (:) எண்ணிப் போட்டு, கடைசியில் அலைக்குறி போட மறந்து, யார் எழுதியது என்று தெரியாமல் ஒரு தனிச் சண்டை நடக்கும். இப்போது 'பதில்' என்று பொத்தானே வந்துவிட்டது. ஆனாலும் நீண்ட விவாதத்தைக் கைபேசியில் படிப்பது, சந்தையில் நின்று கூட்டத்துக்குள் யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று கண்டுபிடிப்பது மாதிரிதான். கோபமாக இருக்கும்போது கைபேசியில் பதில் எழுதவே எழுதாதீர்கள், கணினியைப் போட்டு அது ஆன் ஆகும் நேரத்தில் பாதிக் கோபம் இறங்கிவிடும்.

ஏரி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பூனைப் படக்காரர் போன பிறகு எனக்கு ரோஷம் வந்து மாவட்ட நூலகத்துக்குப் போனேன். பழைய மாவட்டக் கையேடு ஒன்று, அட்டை பிய்ந்து நூலால் கட்டி வைத்திருந்தார்கள். எங்கள் ஏரிக்கு ஆறே வரி. ஆயக்கட்டு எவ்வளவு, பெருமழையில் கரை உடைந்தது, உபரி நீர் வழியும் கலிங்கைத் திரும்பக் கட்டினார்கள், அவ்வளவுதான். யார் வெட்டியது என்று ஒரு சொல் இல்லை, சோழரும் இல்லை பாண்டியரும் இல்லை. அந்த ஆறு வரியைச் சுருக்கி இரண்டு வரியாக, பக்க எண்ணோடு கட்டுரையில் சேர்த்தேன். தாத்தாவுக்குத் துரோகம் செய்த மாதிரி ஒரு நாள் முழுக்க இருந்தது.

மறுநாள், நான் கவனிக்கும் கட்டுரைகளில் நடந்த மாற்றங்களைக் காட்டும் கவனிப்புப் பட்டியலில் அதே பாண்டியர்க்காரர் பெயர். திறந்தேன். இரண்டு வரியையும் அப்படியே விட்டிருக்கிறார், 'கலிங்கு' என்று நான் ஆங்கில எழுத்தில் எழுதியிருந்ததை மட்டும் 'கலுங்கு' என்று மாற்றியிருக்கிறார். எங்கள் தெருவில் கலிங்கு என்றுதான் சொல்வோம், வடக்குத் தெருவில் கலுங்கு என்பார்கள். அப்போதுதான் ஆள் எந்தத் தெரு என்று எனக்குப் புரிந்தது. மீளமை பொத்தானின் மேல் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தேன். அப்புறம் அதற்குப் பக்கத்திலேயே 'நன்றி' என்று ஒன்று இருக்கும், அதை அழுத்திவிட்டு இட்லி சாப்பிடப் போனேன்.